மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுதல்: காரணத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. உங்களை நேரில் சோதித்துப் பார்த்த வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னால், அதற்கான காரணத்தை அவரிடமே கேளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நிண்டு ஆறு வருசம். போன கிழமை உள்ளாடையில ஒரு பொட்டு இரத்தம் பட்டது, பிறகு ஒண்டுமில்லை. இதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேணுமோ?

போக வேண்டும். ஒரு பொட்டு என்றாலும், ஒரே ஒரு நாள் என்றாலும், சிவப்பாக இல்லாமல் கபில நிறக் கறையாகவோ இளஞ்சிவப்பு நீராகவோ பட்டாலும் போக வேண்டும். பட்ட அளவை வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. வெறும் வறட்சியால் வரும் கசிவு இரண்டு மூன்று நாள் நன்றாகவே படலாம். கர்ப்பப்பைப் புற்றுநோய் ஒரு பொட்டோடு நின்று, சில மாதங்கள் எதுவும் காட்டாமல் இருக்கலாம். "நிண்டிட்டுதுதானே" என்று விட்டுவிடும் அந்த மாதங்கள்தான் பிறகு கிடைக்காதவை.

இரவோடிரவாக ஓட வேண்டியதில்லை. இரண்டு கிழமைக்குள் ஒரு வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும். நல்லூர்த் திருவிழா முடியட்டும், கனடாவில் இருந்து மகள் வரட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள்.

நிண்டு எவ்வளவு காலத்துக்குப் பிறகு பட்டால் இந்தக் கணக்குக்குள்ள வரும்?

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு தொடர்ந்து 12 மாதம் ஒன்றும் படாமல் இருந்து, அதன் பின் படும் எந்த இரத்தமும் இதில் அடங்கும். பதினோராம் மாதத்தில் ஒருமுறை வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். அதற்காக 12 மாதம் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. 45 வயது கடந்தவருக்கு மாதவிடாய் அதிகமாகப் போனாலோ, நாள் குழம்பி இடையிடையே பட்டாலோ அதையும் சோதிக்க வேண்டும்.

உடம்புச் சூடு, பாரம் தூக்கினது, படியேறினது எண்டு ஆக்கள் சொல்லுகினம். அப்பிடி வராதோ?

சூட்டால் கர்ப்பப்பையில் இருந்து இரத்தம் வராது. பாரம் தூக்கியபோதோ, மலம் கழிக்க முக்கியபோதோ பட்டிருக்கலாம். அப்போதும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றுதான் அந்த நேரத்தில் கசிந்தது. வெந்தயம், கற்றாழை, கஷாயம் என்று ஒரு மாதம் குடித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த இரத்தம் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். கஷாயம் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வீர்கள். காரணம் உள்ளே அப்படியே இருக்கும்.

இது புற்றுநோய்தானோ?

பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டு வரும் 100 பெண்களில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு வேறு காரணம். மறுபக்கத்தையும் பாருங்கள்: அந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இரத்தம் பட்டுத்தான் நோய் தெரிய வருகிறது. பெரும்பாலும் நோய் கர்ப்பப்பையைத் தாண்டாத கட்டத்திலேயே இந்த அறிகுறி வந்துவிடுகிறது. இவ்வளவு வேளைக்கு எச்சரிக்கை தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பொட்டுக்கும் வரச் சொல்கிறோம்.

வேற என்ன காரணங்கள்?

அதிகம் காண்பது மெலிவு. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்ததும் யோனியின் தோலும் கர்ப்பப்பையின் உட்சவ்வும் மெலிந்து வறண்டு, இலேசாக உரசினாலே கசியத் தொடங்கும். எரிவு, கடி, உடலுறவின்போது நோவு, அடிக்கடி சிறுநீர் போகும் உணர்வு என்பனவும் கூட வரலாம். அடுத்தது பொலிப்: கர்ப்பப்பைக்குள்ளோ அதன் கழுத்திலோ காம்போடு வளரும் சிறு தசைமுளை. பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் இந்த வயதில் இரத்தம் படச்செய்த பொலிப்பை எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தே தீர வேண்டும்.

மூன்றாவது உட்சவ்வு தடித்து வளர்தல். அறிக்கையில் 'ஹைப்பர்பிளேசியா' என்று வரும். சூலகம் ஓய்ந்த பின்னும் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமப்படுத்தும் புரொஜெஸ்ரரோன் இப்போது இல்லை. தடுப்பார் இல்லாமல் சவ்வு வளர்ந்துகொண்டே போகும். உடற்பருமன் உள்ளவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதற்கு இதுதான் காரணம்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய், கிருமித்தொற்று, ஹோர்மோன் மாத்திரை, மிக அரிதாக ஈஸ்ட்ரஜன் சுரக்கும் சூலகக் கட்டி ஆகியவையும் பட்டியலில் உண்டு. முன்பே பைபுரோயிட் (கர்ப்பப்பைத் தசையில் வளரும் தீங்கற்ற கட்டி) இருந்தவர்கள் "அது பழைய கட்டியின்ர வேலை" என்று நினைப்பதுண்டு. மாதவிடாய் நின்றபின் பைபுரோயிட் சுருங்க வேண்டும். இரத்தம் வந்தாலோ கட்டி வளர்ந்தாலோ புதிதாகச் சோதிக்க வேண்டும்.

ஆருக்குக் கூடக் கவனம் வேணும்?

உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பிள்ளை பெறாதவர்கள், இளவயதில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல், சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று சொல்லப்பட்டவர்கள், 55க்குப் பிறகு மாதவிடாய் நின்றவர்கள், மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிபென் குடிப்பவர்கள், தாய், சகோதரி போன்ற நெருங்கிய உறவில் கர்ப்பப்பைப் புற்றுநோயோ பெருங்குடல் புற்றுநோயோ உள்ளவர்கள். இவற்றில் ஒன்றும் இல்லை என்பது விலக்குச் சீட்டல்ல. மெலிந்த உடம்புள்ள, ஆறு பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இந்த நோய் வருகிறது.

சிறுநீரில வருதோ, மலவாசலில வருதோ, கீழால வருதோ எண்டு தெரியேல்லை.

வயது போனவர்களுக்கு இது உண்மையாகவே குழப்பம்தான். வீட்டில் இப்படிப் பாருங்கள். கழுவித் துடைத்த பின், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியையோ மாதவிடாய்க்குப் பாவிக்கும் பாட் ஒன்றையோ வைத்து, சிறுநீரும் மலமும் கழிக்காத இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் கறை பட்டால் பெரும்பாலும் யோனி வழியாகவே வருகிறது. சிறுநீர் கழித்துத் துடைக்கும்போது மட்டும் துணியில் தெரிந்தால் சிறுநீர் வாசலையும் சலப்பையையும், மலம் கழித்த பின் மட்டும் என்றால் மூலம் உண்டா, குடலில் ஏதும் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கறை பட்ட துணியைத் தோய்க்காமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். பத்து வசனத்தில் விளக்குவதை விட அது வைத்தியருக்கு உதவும்.

சோதித்தும் பிடிபடவில்லை என்றால் மூன்று இடங்களையும் பார்ப்பார்கள். சிறுநீரில் இரத்தம் வருவதற்கும் முழு விசாரணை தேவை.

யாழ்ப்பாணத்தில முதல் எங்க போறது?

அரச வைத்தியசாலை எதிலும் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம்; கட்டணம் இல்லை. பருத்தித்துறைப் பக்கம் என்றால் மந்திகை, தென்மராட்சி என்றால் சாவகச்சேரி, வலிகாமம் வடக்கு என்றால் தெல்லிப்பழை, பட்டணத்தைச் சுற்றியவர்களுக்கு யாழ் போதனா வைத்தியசாலை. அங்கிருந்து பெண்நோயியல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். தனியாரில் வி.ஓ.ஜி. எனப்படும் பெண்நோயியல் நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டிவிட்டு, அவர் தரும் கடிதத்தோடு அரச கிளினிக்குக்கும் போகலாம். ஸ்கானைத் தனியாரில் எடுத்திருந்தால் படத்தையும் அறிக்கையையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

தீவகத்தில் இருந்து, குறிப்பாக நெடுந்தீவில் இருந்து படகில் வருபவர்கள், ஒரே நாளில் என்னென்ன செய்யலாம் என்று துண்டு எழுதும் இடத்திலேயே கேளுங்கள். சோதனை, ஸ்கான், பயொப்சி (திசு மாதிரி எடுப்பது) மூன்றும் வேறு வேறு நாளாக விழுந்தால் பலர் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். பயொப்சி எடுக்காமல் நின்றுபோன விசாரணை பாதி விசாரணை.

கேட்கும்போது கூச்சத்தில் "வயித்து நோ" என்றோ "வெள்ளை படுகுது" என்றோ தொடங்காதீர்கள். "எனக்கு மாதவிடாய் நிண்டு ஆறு வருசம், இப்ப இரத்தம் பட்டிருக்கு" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அந்த வசனம்தான் துண்டில் என்ன எழுதப்படும், எவ்வளவு கெதியில் நாள் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

எப்ப உடன போக வேணும்?

ஒரு மணி நேரத்தில் ஒரு பாட் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே போனால். கட்டி கட்டியாக விழுந்தால். தலைச்சுற்று, மயக்கம், நெஞ்சு படபடப்பு வந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். காய்ச்சல், அடிவயிற்று நோ, நாற்றமான கசிவு மூன்றும் சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கர்ப்பப்பைக் கழுத்து ஒட்டி அடைபட்டு உள்ளே சீழ் தேங்கியிருக்கலாம்.

இரத்தம் படேக்க சோதிக்க மாட்டினம்தானே? நிண்ட பிறகு போகட்டோ?

சோதிப்பார்கள். இரத்தம் எங்கே இருந்து வருகிறது என்று கண்ணால் காணக்கூடிய நாள் அதுதான். கோயிலுக்குப் போவதை நிறுத்துவது போல ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

என்ன கொண்டு போறது?

கிளினிக் கொப்பி, முன்னைய சத்திரசிகிச்சைகளின் டயக்னோசிஸ் காட், குடிக்கும் மருந்துகள் எல்லாம் அட்டையோடு. சித்த ஆயுர்வேத மருந்தும், வெளிநாட்டில் இருந்து வந்த சத்து மாத்திரையும் இதில் அடக்கம். ஒரு கடதாசியில் இவற்றை எழுதுங்கள்: கடைசி மாதவிடாய் எந்த வருடம், இரத்தம் எந்தெந்தத் திகதியில் எவ்வளவு பட்டது, பிள்ளைகள் எத்தனை, வீட்டில் யாருக்குப் புற்றுநோய், கடைசியாகக் கர்ப்பப்பைக் கழுத்துக்கான பப் பரிசோதனை எப்போது.

வைத்தியர் என்ன செய்வார்?

முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு கால்களை மடித்து அகட்டிப் படுக்கச் சொல்லி, வெளிப்புறத்தையும் சிறுநீர் வாசலையும் பார்த்துவிட்டு, ஸ்பெகுலம் என்ற கருவியை யோனிக்குள் வைத்து விரித்து, யோனிச் சுவரையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் நேரில் பார்ப்பார். கழுத்தில் புண்ணோ முளையோ தெரிந்தால் அதிலிருந்தே மாதிரி எடுக்கலாம். கடைசியில் இரண்டு விரலால் உள்ளே சோதித்து, கர்ப்பப்பையின் பருமனையும் பக்கத்தில் கட்டி உண்டா என்பதையும் பார்ப்பார்.

வறட்சி உள்ளவர்களுக்கு நோகும். சிறிய ஸ்பெகுலமும் ஜெல்லும் பாவிக்கும்படி கேட்பதில் தவறில்லை. பக்கத்தில் பெண் தாதி நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஸ்பெகுலம் வைத்துப் பார்ப்பதை மட்டும் வேண்டாம் என்று தவிர்க்கக் கூடாது. ஸ்கானில் கழுத்துப் புற்றுநோய் தவறிப்போகலாம், கண்ணில் தெரியும்.

எனக்குப் பப் பரிசோதனை நோர்மல் எண்டு வந்தது. அது காணாதோ?

காணாது. பலரை ஏமாற்றும் ஆறுதல் இதுதான். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் எடுக்கும் பப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. அதுவும் அறிகுறி இல்லாதவர்களில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்தைத் தேடுவதற்கானது. கர்ப்பப்பையின் உள்ளே இருக்கும் சவ்வைப் பற்றி அது நம்பத்தக்கதாக ஒன்றும் சொல்லாது. போன வருடம் நோர்மல் என்று வந்த துண்டு, இந்த வருடம் பட்ட இரத்தத்துக்குப் பதில் அல்ல.

சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையைக் காசு கொடுத்துச் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு அதுவும் விடை தராது.

ஸ்கானுக்கு ஒரு இடத்தில தண்ணி குடிச்சுக்கொண்டு வரச் சொல்லுகினம், இன்னொரு இடத்தில சிறுநீர் கழிக்கச் சொல்லுகினம். எது சரி?

இரண்டும் சரி, ஸ்கான்தான் இரண்டு. வயிற்றின் மேலால் பார்ப்பதற்குச் சலப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு லீற்றர் அளவு தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போக வேண்டும். யோனி வழியாகப் பார்ப்பதற்குச் சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். உட்சவ்வின் தடிப்பை மில்லிமீற்றர் கணக்கில் அளக்க யோனி வழி ஸ்கானே நல்லது. உறையும் ஜெல்லும் போட்ட மெல்லிய கோல் ஒன்றைச் சிறிது தூரம் உள்ளே வைப்பார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். இரத்தம் படும்போதும் செய்யலாம்.

அறிக்கையில எதைப் பார்க்கிறது?

உட்சவ்வின் தடிப்பை. நீளவாட்டுப் படத்தில், மிகத் தடித்த இடத்தில், முன் பின் இரு படைகளையும் சேர்த்து அளப்பார்கள். இடையில் நீர் தேங்கியிருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100இல் ஒன்றுக்கும் கீழே. 4 மி.மீ.க்கு மேல் என்றால் சவ்வில் இருந்து மாதிரி எடுக்க வேண்டும். தடித்த சவ்வு என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. பொலிப்பும் படத்தில் தடிப்பாகவே தெரியும்.

இன்னொரு வரியையும் கவனியுங்கள். பைபுரோயிட் மறைத்ததாலோ கர்ப்பப்பை திரும்பியிருப்பதாலோ சவ்வு முழுவதும் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தால், அதை 'மெல்லிசு' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரியாத சவ்வுக்கும் மாதிரி வேண்டும்.

ஸ்கானில 3 மி.மீ. எண்டு விட்டிட்டினம். நாலு மாதத்தில திரும்பப் பட்டிட்டுது.

திரும்பப் போங்கள், போனவுடன் "இது இரண்டாந்தரம்" என்று சொல்லுங்கள். முதல் தடவை 4 மி.மீ.க்கு உள்ளே இருந்தால் பயொப்சி இல்லாமல் விடுவது ஏற்கத்தக்கது. திரும்பத் திரும்பப் பட்டால் அந்த எண்ணின் மேல் சாய்ந்திருக்கக் கூடாது. மெலிந்த சவ்விலேயே தோன்றும், வேகமாகப் பரவும் புற்றுநோய் வகைகள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தவறவிட்டால் ஆபத்து. இப்போது தேவை திசு மாதிரி, முடிந்தால் ஹிஸ்ரரோஸ்கொப்பியும் (கமராவால் கர்ப்பப்பைக்குள் பார்ப்பது).

இரத்தமே படேல்லை. பித்தப்பைக் கல்லுக்கு எடுத்த ஸ்கானில உட்சவ்வு 7 மி.மீ. எண்டு எழுதியிருக்கு.

4 மி.மீ. என்ற கோடு இரத்தம் பட்டவர்களுக்கானது. ஒன்றும் படாதவருக்கு ஏறத்தாழ 11 மி.மீ. வரை, வேறு ஆபத்துக் காரணி இல்லையென்றால், பெரும்பாலும் பயொப்சி தேவைப்படாது. வி.ஓ.ஜி.யிடம் ஒருமுறை காட்டி முடிவெடுங்கள்.

கலியாணம் செய்யாதவை. உள் ஸ்கான் வேண்டாம் எண்டுகினம்.

அவர் விருப்பம்தான் முடிவு. வயிற்றின் மேலால் ஸ்கான் செய்யலாம். மலவாசல் வழியாகவும் பார்க்கலாம். அதிலும் தெளிவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து, சோதனையையும் மாதிரி எடுப்பதையும் ஒரே தடவையில் முடிக்கலாம். பிள்ளை பெறாதவருக்கு ஆபத்துச் சற்றுக் கூட என்பதால், "கலியாணம் செய்யாதவதானே" என்று விசாரணையையே கைவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பயொப்சி எப்பிடி எடுக்கிறது? நோகுமோ?

கிளினிக்கிலேயே, மயக்கம் இல்லாமல் எடுப்பது வழக்கம். பைப்பெல் என்பது ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்புள்ள வளையும் பிளாஸ்ரிக் குழாய். போல்பொயின்ற் பேனாவின் உள்குச்சி அளவு. ஸ்பெகுலம் வைத்து, கர்ப்பப்பைக் கழுத்தைத் துடைத்து, குழாயைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, நடுவில் உள்ள தண்டைப் பின்னால் இழுப்பார்கள். அந்த உறிஞ்சலில் சவ்வின் துணுக்குகள் குழாய்க்குள் வரும். குழாயைச் சுழற்றியபடி மேலும் கீழும் சில தடவை அசைப்பார்கள். குழாய் உள்ளே இருப்பது ஒரு நிமிடம் அளவில்.

அந்த ஒரு நிமிடம் மாதவிடாய் நோ போல, சிலருக்கு அதைவிடக் கடுமையாக இறுக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் பரசிட்டமோல் 500 மி.கி. இரண்டு மாத்திரை குடிக்கலாம். ஐபுபுரோபென் 400 மி.கி. இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரக நோய், வயிற்றுப்புண், அதற்கு மோசமாகும் ஆஸ்துமா உள்ளவர்களும் இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களும் குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். நோ தாங்கவில்லை என்றால் "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லலாம், நிறுத்துவார்கள். மயக்கத்தில் எடுப்பதற்கு நாள் தருவார்கள். ஒன்றிரண்டு நாள் இலேசாகப் படுவது இயல்பு. காய்ச்சலும் நாற்றமும் இயல்பல்ல.

போத்தலை எங்களிட்டத் தந்து லாப்பில குடுக்கச் சொன்னவை.

தனியாரில் எடுத்தால் இது நடக்கும். போத்தலில் உள்ளது போர்மலின், 10 சதவீதக் கரைசல். திசுவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். திசு அந்தக் கரைசலுக்குள் முழுக்க மூழ்கியிருக்கிறதா, மூடி இறுக்கமா, போத்தலின் உடம்பில் பெயரும் வயதும் திகதியும் எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறினால் ஆள் மாறும். குளிர்சாதனப் பெட்டியிலோ ஐஸிலோ வைக்க வேண்டாம். சேலைனிலோ தண்ணீரிலோ போட்டால் நமது வெக்கைக்கு ஒரே நாளில் திசு கெட்டுவிடும், திரும்ப எடுக்க வேண்டிவரும். போர்மலின் கண்ணிலும் தோலிலும் படக்கூடாது. பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். கோரிக்கைத் துண்டில் "மாதவிடாய் நின்ற பின் இரத்தம்" என்ற தகவலும் ஸ்கான் அளவும் இருக்க வேண்டும்.

"மாதிரி போதாது" எண்டு அறிக்கை வந்திருக்கு. அப்ப ஒண்டுமில்லையோ?

அது நோர்மல் என்பதல்ல. ஸ்கானில் சவ்வு மெல்லியதாக இருந்து, கொஞ்சத் துணுக்குத்தான் வந்தது என்றால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். மெலிவு என்று எடுத்துக்கொண்டு கவனித்திருக்கலாம். ஸ்கானில் 9 மி.மீ. காட்டி, பயொப்சியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது. குழாய் உள்ளே முழுவதும் போகவில்லை, அல்லது அது பொலிப். வழுக்கிக்கொண்டு குழாயில் அகப்படவில்லை. திரும்ப எடுக்க வேண்டும், இம்முறை கண்ணால் பார்த்து.

ஹிஸ்ரரோஸ்கொப்பியோ, பழைய மாதிரிச் சுரண்டி எடுக்கிறதோ?

கிடைக்குமானால் ஹிஸ்ரரோஸ்கொப்பி. மெல்லிய கமராவைக் கழுத்து வழியாக விட்டு, சேலைனால் உட்குழியை விரித்து, முழுச் சுவரையும் திரையில் பார்ப்பார்கள். பொலிப் இருந்தால் அடியோடு எடுக்கலாம், சந்தேகமான இடத்தில் குறிவைத்து மாதிரி எடுக்கலாம். டி அன் சி என்ற சுரண்டல் பார்க்காமல் கையுணர்வில் செய்வது. பலரில் உட்குழியின் பாதிக்கும் குறைவான பரப்பையே தொடுகிறது, பொலிப் தப்பிவிடுகிறது. கமரா இல்லாத இடத்தில் சுரண்டலாவது செய்வது ஒன்றும் செய்யாததை விட மேல். மயக்கம் கொடுப்பதென்றால் 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை குடிக்கலாம். நீரிழிவு மருந்தை அன்று காலை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கத்தி பட்டா, காத்துப் பட்டாப் புற்றுநோய் பரவும் எண்டுகினமே?

பயொப்சியால் இந்தப் புற்றுநோய் மோசமாவதில்லை. இந்தப் பயத்தால் மாதிரி கொடுக்காமல் போய், ஒரு வருடம் கழித்து நோய் பரவிய பின் வருபவரைப் பார்த்துத்தான் ஊர் "கத்தி பட்டது, பரவீற்றுது" என்று சொல்கிறது.

அறிக்கையில உள்ள சொல்லுகளுக்கு என்ன அர்த்தம்?

'அற்றொபிக்' என்றால் மெலிவு. 'பொலிப், தீங்கற்றது' என்றால் எடுத்ததோடு பெரும்பாலும் முடிந்தது. 'ஹைப்பர்பிளேசியா, அற்றிப்பியா இல்லை' என்றால் சவ்வு தடித்திருக்கிறது, ஆனால் கலங்கள் கெடவில்லை. 20 வருடத்தில் புற்றுநோயாவது 100இல் 5க்கும் குறைவு. இதற்கு ஹோர்மோன் சுரக்கும் லூப்பை உள்ளே வைப்பார்கள், அல்லது ஆகக் குறைந்தது 6 மாதம் மாத்திரை தருவார்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை பயொப்சி எடுத்து, அடுத்தடுத்து இரண்டு நல்லதாக வரவேண்டும். மாத்திரையோடு இரத்தம் நின்றதும் பயொப்சிக்குப் போகாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பிழை.

'அற்றிப்பியா உண்டு' என்பது வேறு கதை. எடுத்த துணுக்கில் இவ்வளவுதான் தெரிந்தாலும், கர்ப்பப்பையை எடுத்துப் பார்க்கும்போது 100இல் 40 பேர் வரை புற்றுநோய் ஏற்கெனவே ஒளிந்திருக்கக் காண்கிறார்கள். மாதவிடாய் நின்றவருக்குக் கர்ப்பப்பையை அகற்றும்படியே சொல்வார்கள். 'அடினோகாசினோமா' என்றால் புற்றுநோய். பக்கத்தில் உள்ள தரம் 1, 2, 3 என்பது கலங்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதைச் சொல்வது, நோய் பரவிய நிலையைச் சொல்வதல்ல. பரவலை எம்.ஆர்.ஐ., சி.ரி. ஸ்கான்களும் சத்திரசிகிச்சையும்தான் சொல்லும். கர்ப்பப்பை, சூலகம், சூலகக்குழாய் எடுப்பதே முதன்மைச் சிகிச்சை. மேற்கொண்டு கதிர்ச் சிகிச்சையோ மருந்தோ தேவையா என்பதைத் தெல்லிப்பழைப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் காட்டி முடிவு செய்யலாம். கர்ப்பப்பைக்குள் மட்டும் இருக்கும்போது பிடிபட்டவர்களில் 100க்கு 90 அளவினர் 5 வருடம் கடந்தும் வாழ்கிறார்கள்.

டமொக்சிபென் குடிக்கிறன்.

அது மார்பில் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும். கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரஜன் போலவே வேலை செய்யும். ஸ்கானில் சவ்வு தடிப்பாகவே தெரியும் என்பதால் மில்லிமீற்றர் கணக்கு உங்களுக்கு உதவாது. இரத்தம் பட்டால் நேரே ஹிஸ்ரரோஸ்கொப்பியும் பயொப்சியும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வோபரின் குடிக்கிறதால வந்ததெண்டு நினைக்கிறம்.

வோபரின், குளோப்பிடோகிறெல், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாத மருந்துகள் கசிவைப் பெருக்கிக் காட்டும். அடியில் பொலிப்போ வேறொன்றோ இருக்கிறதா என்று தேடாமல் பழியை மருந்தில் போட முடியாது. வோபரின் என்றால் ஐ.என்.ஆர். என்ற இரத்தம் உறையும் பரிசோதனையைப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள், விசாரணையும் நடக்கும். இதயத்துக்கோ மூளைக்கோ கொடுத்த மருந்தை வீட்டில் நிறுத்துவது உயிராபத்து.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு வளையம் போட்டிருக்கு.

வளையம் உரசி யோனிச் சுவரில் புண் வருவது சாதாரணம், நாள் கடந்தும் மாற்றாமல் விட்டால் இன்னும் கூட. வளையத்தைக் கழற்றிப் புண்ணைப் பார்த்து ஆறவிடுவார்கள். புண் கண்ணில் தெரிந்தாலும் ஸ்கானையும் செய்வித்துக்கொள்ளுங்கள், ஒரு காரணம் இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போவதில்லை.

கர்ப்பப்பை எடுத்தாச்சு. பிறகும் படுகுது.

டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுங்கள். கழுத்தை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருக்கிறார்களா, ஏன் எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். கழுத்து மிஞ்சியிருந்தால் அதில் நோய் வரலாம். முழுவதும் எடுத்திருந்தால் பெரும்பாலும் வறட்சி, அல்லது தையல் தழும்பில் சதை முளைத்திருக்கும். ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புற்றுநோய்க்காக எடுத்தவர் என்றால் அதே கிளினிக்குக்கு உடனே போக வேண்டும்.

எல்லாம் பார்த்து மெலிவு எண்டு சொல்லிப்போட்டினம். இனி என்ன?

யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரஜன் கிறீமோ ஈரப்பதம் தரும் ஜெல்லோ தரலாம். கிறீமை முதல் இரண்டு கிழமை தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு தடவை வைப்பது வழக்கம். மார்புப் புற்றுநோய் இருந்தவர் அதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ஸ்கான் அறிக்கையினதும் பயொப்சி அறிக்கையினதும் பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். பிறகு எப்போதாவது திரும்பப் பட்டால், திகதியைக் குறித்துக்கொண்டு அந்தக் கொப்பியோடு அதே கிளினிக்குக்குப் போங்கள்.